ஈரக்குலை

பயந்தாலும் பரிதவித்தாலும் ஆச்சிக்கு வாயில் வருவது ஒன்றுதான்: "ஈரக்கொலையே நடுங்கிட்டு." திருவேங்கடத்துக் கரிசலில் பிறந்த எனக்கு அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரிந்தது கோயில் கொடையில். கிடாயை உரித்தால் ஈரலும் இதயமும் நுரையீரலும் ஒரே கொத்தாக வரும்.

அந்தக் கொத்துக்குக் கிரேக்கத்தில் 'ஸ்ப்லாங்க்னா' என்று பெயர். பலியிட்டதும் முதலில் அதைத்தான் தீயில் வாட்டிப் பகிர்ந்து தின்றார்கள். அதிலிருந்து பிறந்த, இரங்குவதைக் குறிக்கும் வினைச்சொல் 'ஸ்ப்லாங்க்னிட்ஸொமாய்'. புதிய ஏற்பாட்டில் 12 இடங்களில், மத்தேயு, மாற்கு, லூக்கா சுவிசேஷங்களில் மட்டும் வருகிறது. இயேசுவும், அவர் சொன்ன உவமைகளில் கடனை மன்னித்த எஜமானும், நல்ல சமாரியனும், கெட்ட குமாரனின் தகப்பனும் தவிர வேறு யாருக்கும் அந்த வினை வாய்க்கவில்லை. எபிரெயத்தில் இரக்கத்தைக் குறிக்கும் 'ரஹமீம்' என்ற சொல்லும், கருப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' என்ற சொல்லும் ஒரே வேர். நம் ஊரில் 'பெத்த வயிறு' என்கிறோமே, அதேதான்.

தமிழ் வேதாகமத்தில் அந்தக் கிரேக்க வினை பல இடங்களில் 'மனதுருகி'. 1715இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதிலிருந்து பலர் கைபட்டு வந்த மொழிபெயர்ப்பு. குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் உருகிய மெழுகு இருந்த இடத்திலேயே உறைந்துபோகும். ஈரக்குலை ஆடினால் உட்கார்ந்திருக்க முடியாது. அந்த வினைக்குப் பிறகு தகப்பன் ஓடுகிறான். சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்க்கிறான். அவனுக்கு முன்னால், அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும்கூடக் கண்டுவிட்டுத்தான் விலகிப் போனார்கள்.

ஒருமுறை எங்கள் காட்டில் பருத்தி எடுக்க வந்த வெளியூர்க் குடும்பத்துக் குழந்தைக்கு வெட்டு வலிப்பு வந்தது. மடியிலிருந்த பருத்தியை அப்படியே கொட்டிவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள் ஆச்சி. சாயங்காலம், "ஆச்சி, அவுக யாரு?" என்றேன். "எனக்கென்னல தெரியும்" என்று காலில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் சங்கரன்கோவில் போகும் பேருந்தில் ஜன்னலோரம் இருந்தேன். ரோட்டோரம் சைக்கிளோடு ஒரு பெரியவர் விழுந்து கிடந்தார். என் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது, அது நிச்சயம். 'ஐயோ பாவம்' என்றேன். சொன்னதும் புரண்டது அடங்கிவிட்டது. அந்த இரண்டு சொல்லும் வாயில் வராமல் இருந்திருந்தால், பேருந்தை நிறுத்தச் சொல்லியிருப்பேனா?