விடிஞ்சா எல்லாம் போச்சா

புத்தாண்டு அன்று காலை அக்காவுக்கு ஒரு வாட்சாப் செய்தி அனுப்பினேன். ஆங்கிலத்தில். புதிய விடியல், புதிய தொடக்கம், பழையதை மறந்து முதலிலிருந்து ஆரம்பிப்போம் என்கிற மாதிரி மூன்று வரி. கூடவே ஒரு சூரிய உதயப் படம். அப்போது மணி ஏழு. வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. மதியம் வரைக்கும் இரண்டு நீலக் கோடுகள் மட்டும்தான். பிறகு பதில் வந்தது: "விடிஞ்சா எல்லாம் போச்சா தம்பி?"

விஷயம் இதுதான். நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு சின்ன வியாபாரத்துக்காக அக்காவின் இரண்டு வளையல்களை வாங்கி அடகு வைத்தேன். ஆறு மாதத்தில் மீட்டுத் தருவதாகச் சொன்னேன். வியாபாரம் படுத்துவிட்டது. வளையல் ஏலத்துக்குப் போய்விட்டது. அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அம்மா மூலமாகத்தான் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு அக்கா அழைத்தால் நான் போனை எடுப்பதில்லை.

அந்தச் செய்தியை ஏன் ஆங்கிலத்தில் எழுதினேன் என்பதுதான் இப்போது என்னை உறுத்துகிறது. தமிழில் எழுதியிருந்தால் இரண்டாவது வரியிலாவது 'வளையல்' என்ற சொல் வந்திருக்கும். ஆங்கிலத்தில் வாக்கியங்கள் தயாராக இருந்தன. எடுத்து ஒட்டினால் போதும். சரி, அந்தச் சொற்களாவது நான் நினைத்ததைத்தான் சொல்கின்றனவா என்று தேடிப் பார்த்தேன்.

முதலில் 'டான்'. 'டே' என்ற சொல்லின் உறவுக்காரச் சொல் இது. பழைய ஆங்கிலத்தில் 'பகலாகு' என்ற பொருளில் ஒரு வினைச்சொல் இருந்தது. அதன் வழியில் வந்த 'டான்' முதலில் வினையாகத்தான் புழங்கியது. பெயர்ச்சொல்லாக அது வந்தது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில். அதாவது விடியல் முதலில் ஒரு பொருளாக இல்லை. தானாக நடக்கும் ஒன்றாக இருந்தது. அதை யாரும் யாருக்கும் படம்பிடித்து அனுப்ப முடியாது. இன்னொன்றும் கவனியுங்கள். ஒரு விஷயம் தாமதமாக உறைக்கும்போது ஆங்கிலத்தில் 'இட் டான்ட் ஆன் மீ' என்கிறோம். அங்கே 'நான்' எதையும் செய்வதில்லை. ஏற்கெனவே அங்கிருந்த ஒன்றின்மேல் வெளிச்சம் விழுகிறது, அவ்வளவுதான். ராத்திரி கண்ணில் படாத கட்டப்படாத பில், கழுவாத தட்டு எல்லாம் விடிந்ததும் தெரிகிற மாதிரி.

'டர்ன் ஓவர் எ நியூ லீஃப்' என்பதில் வரும் 'லீஃப்' மரத்து இலை இல்லை, ஏடு. ஏட்டைப் புரட்டலாம். புரட்டிய பக்கம் புத்தகத்தைவிட்டுப் போய்விடுவதில்லை.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது 'கிளீன் சிலேட்'. முன்பெல்லாம் இங்கிலாந்தில் மதுக்கடையிலும் சில்லறைக் கடையிலும் வாடிக்கையாளரின் கடனைச் சாக்கட்டியால் சிலேட்டில் எழுதிவைப்பார்கள். அதைத் துடைத்தால் கடன் தீர்ந்தது. நம் ஊரில் அந்தச் சிலேட்டின் வேலையை '555' புத்தகம் செய்தது. சட்டைப்பையில் அடங்கும் பூக்கு தீகா லீமா. அரிசி, சீனி, சார்டின் என்று அப்பா வாங்கியதெல்லாம் அதில் ஏறும். சம்பள நாளில் கடைக்காரர் ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டைக் கடைக்காரர்தான் போட வேண்டும். அப்பா தானே ஒரு கோட்டைப் போட்டுவிட்டு, "புது மாசம், புதுக் கணக்கு அண்ணே" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் அக்காவிடம் செய்தது அதைத்தான்.

அறிவித்துவிட்டால் தொடக்கம் வந்துவிடும் என்று நம்புகிறோம். 1982 ஜனவரி 1ஆம் தேதி, தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் சபா, சரவாக் நேரத்தோடு ஒத்துப்போக அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. கோலாலம்பூரில் ஏழு மணிக்கும் இருட்டாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கடிகாரத்தை மாற்ற ஓர் உத்தரவு போதும். சூரியன் தன் பாட்டுக்குத்தான் வந்தது.

அப்படியானால் தப்பு செய்தவனுக்குத் தொடக்கமே கிடையாதா? இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அக்கா கடைசிவரை கோடு போடாமலே இருந்துவிட்டால்? ஹன்னா அரெண்ட் 1958இல் வெளியான 'தி ஹியூமன் கண்டிஷன்' நூலில் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். மனிதர்கள் பிறந்தவர்கள் என்பதாலேயே புதிதாக ஒன்றைத் தொடங்க வல்லவர்கள் என்பது அவர் கட்சி. ஆனால் செய்ததைத் திரும்பப் பெற முடியாது. அதற்கு மருந்து மன்னிப்பு. வரப்போவது நிச்சயமில்லை. அதற்கு மருந்து வாக்குறுதி. இரண்டுக்குமே இன்னொரு ஆள் வேண்டும் என்கிறார். தன்னைத் தானே மன்னித்துக்கொள்ள முடியாது. தனக்கு மட்டுமே கொடுத்துக்கொண்ட வாக்கு யாரையும் கட்டாது. எனக்கு இது ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. மன்னிப்பு என் கையில் இல்லை. வாக்குறுதி என் கையில் இருக்கிறது. அதையும் அக்காவிடம்தான் கொடுத்தாக வேண்டும்.

நம் ஆட்களும் விடியலை அப்படியொன்றும் இனிப்பாகப் பார்க்கவில்லை. தொல்காப்பியம் வைகறையையும் விடியலையும் மருதத்துக்குக் கொடுக்கிறது. மருதம் என்றால் ஊடல். பரத்தை வீட்டிலிருந்து தலைவன் திரும்பிவந்து வாசலில் நிற்கும் நேரம் அது. உள்ளே வர அவனுக்காகப் பாணன் தூது பேசுவான், தோழியிடம் திட்டும் வாங்குவான். தலைவி கதவைத் திறக்க மறுக்கலாம். அது கணவன் மனைவி விவகாரம், அக்கா தம்பிக்குப் பொருந்தாது என்பீர்கள். பொருந்தாதுதான். ஆனால் விடிகிற நேரம் நேற்றைய கணக்கோடு வாசலில் நிற்கிற நேரம் என்பது பொருந்துகிறது. நான் அனுப்பிய சூரிய உதயப் படம்தான் என் பாணன். அக்கா அதற்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் எழுதினேன். இந்த முறை தமிழில், படம் இல்லாமல். வளையல் ஏலத்துக்குப் போனது எனக்கு அப்போதே தெரியும், மறைத்தேன், பயந்துகொண்டு போனை எடுக்கவில்லை, மாதம் இருநூறு வெள்ளி போடுகிறேன் என்று எழுதினேன். 'முதலிலிருந்து ஆரம்பிப்போம்' என்ற வரியை எழுதிவிட்டு அழித்தேன்.

ராத்திரி பதில் வந்தது. "எத்தனை பவுனுன்னாவது ஞாபகம் இருக்கா?"

இருந்தது. எழுதி அனுப்பினேன்.