தனியே சென்றவன் தனியனோ?

நெடுவழியைத் தனியே கடந்து முடித்த நாளில், "இதனை நானே செய்தேன்" என்றுரைக்க ஒருவனுக்கு உரிமை உண்டோ?

தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பார், முன்சக்கரம் மிகப் பெரிதாயிருந்த அக்காலத்து மிதிவண்டியில், 1884 ஏப்ரல் 22 அன்று சான்பிரான்சிஸ்கோவினின்று தனியே புறப்பட்டார். லாகூரிலிருந்து கல்கத்தா வரை நம் நாட்டுப் பெருவழியிலும் சென்றார். 1886 டிசம்பர் 17 அன்று ஜப்பானின் யோகஹாமாவில் பயணம் நிறைவுற்றது. மிதிவண்டியில் உலகை வலம்வந்த முதல்வர் அவரே. ஆயினும், சீனத்தில் கூட்டத்தார் கல்லெறிந்தபோது அவ்வூர் அதிகாரிகளே அவரைக் காத்தனர்.

எச்செயலுக்கும் காரணம் ஐந்து என்பது கீதையின் பதினெட்டாம் அத்தியாயம். உடல், ஆன்மா, இந்திரியங்கள், பிராணன், தெய்வம் என அவற்றை விளக்கிய எம்பெருமானார், ஐந்தாவதான தெய்வம் அந்தர்யாமியான பரமாத்மாவே என்று அருளினார். அங்ஙனமாயின் மிதித்த கால்களுக்குப் பெருமை இல்லையோ எனின், உண்டு. முயல்வது சேதனன் கடமை. அதற்கு இசைந்து நடத்துவிப்பது அவன் அருள். முழுவதையும் தனதென்று கொள்வதே பிழை.

வீராம்பட்டினத்தில் ஆடித் திங்களில் செங்கழுநீரம்மன் தேர் ஓடுகிறது. பிரெஞ்சு ஆட்சியில் ஆளுநர் வடம் பிடித்தார். இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். உடன் ஊர் மக்களும் அடியார்களும் இழுக்கின்றனர். தேர் நிலைக்கு வந்தபின், "நானே இழுத்தேன்" என்பார் உளரோ?

அன்பர்காள்! தனியே சென்றவனும் பலருடன் வடம் பிடித்தவனே. பயணம் முடிந்த நாளில் அவன் செய்யத்தக்கது கைகூப்புதலே.