குதிரைக்குப் பெயர்ப்பலகை

காமர்ஸ் படித்தவர்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லித் தரும் பாடம் இது. வாங்கி வைத்தது சொத்து, கொடுக்கிற சம்பளம் செலவு. சொத்து பேலன்ஸ் ஷீட்டில் கௌரவமாக உட்கார்ந்திருக்கும். செலவு வருஷக் கடைசியில் கழிந்துபோகும். வெறும் கணக்கு விஷயம்தானே என்று தோன்றும். இதே பாடத்தைக் கல்லிலும் தேக்கிலும் கட்டிவைத்த இடம் ஒன்று ஸ்காட்லாந்தில் இருக்கிறது.

டன்ஸ் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் உள்ள மேண்டர்ஸ்டன் எஸ்டேட்டின் குதிரை லாயம் அது. 1895-ல், விக்டோரியா மகாராணி காலத்தில் கட்டியது. கட்டச் சொன்னவர் சர் ஜேம்ஸ் மில்லர். அவருடைய அப்பா ரஷ்யாவோடு சணலும் ஹெர்ரிங் மீனும் வியாபாரம் செய்து சம்பாதித்தவர். 1905-ல் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தாரே வைஸ்ராய் கர்சன், அவர் மில்லருக்கு மச்சான். கட்டடக் கலைஞர் ஜான் கின்ராஸ். செலவு 20,000 பவுன். அந்தக் காலத்தில் அது பெரிய பணம்.

முற்றம், வளைவு வாசல் என்று வெளியே பார்க்க ஒரு சின்ன அரண்மனை. உள்ளே போனால் குதிரைகளுக்குத் தேக்குத் தடுப்புகள், பளபளக்கும் பித்தளைத் தூண்கள். ஒவ்வொரு குதிரையின் பெயரும் சலவைக்கல்லில்!

இதெல்லாம் வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா குதிரையின் நுரையீரலைக் கெடுக்கும். அதனால் நல்ல லாயம் என்றால் காற்று போய்வர வழி வேண்டும், தண்ணீர் வடியத் தரை சரிவாக இருக்க வேண்டும், வெளிச்சம் வேண்டும். ஒரு ஜீவனுக்கு என்ன தேவை என்று உட்கார்ந்து யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். இதில் தப்பே இல்லை.

சரி, குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டிய மனுஷன்?

அந்தக் காலத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் குதிரைக்காரர்கள் படுத்தது லாயத்துக்கு மேலே உள்ள அறைகளில். வீட்டு வேலைக்காரர்கள் பாடு இன்னும் விசேஷம். புதிதாக ஆள் வந்தால் அவன் பெயரைக் கேட்டு ஞாபகம் வைத்துக்கொள்ளச் சில எஜமானர்களுக்குச் சிரமம். யார் வந்தாலும் 'ஜான்', 'ஜேம்ஸ்' என்றே கூப்பிட்டார்கள். பெயரும் உத்தியோகத்தோடு சேர்ந்து வரும் யூனிஃபார்ம் மாதிரி!

சட்டத்தின் கதையும் இப்படித்தான். குதிரை, மாடுகளை வதைக்கக் கூடாது என்று பிரிட்டன் சட்டம் போட்டது 1822-ல். குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கத் தனிச் சட்டம் வந்தது 1889-ல். நடுவே 67 வருஷம்.

'குதிரை வாயில்லா ஜீவன். பிடிக்கவில்லை என்றால் ஆள் வேலையை விட்டுப் போகலாம், குதிரை போக முடியுமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஆள் எங்கே போவான்? பழைய எஜமானர் நன்னடத்தைச் சான்று எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வீட்டில் வேலை. கொடுத்தே தீர வேண்டும் என்று எஜமானரைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆகக்கூடி, அவன் கழுத்திலும் ஒரு கயிறு இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மில்லர் தன் ஆட்களைக் கொடுமைப்படுத்தினார் என்று சொல்ல வரவில்லை. குதிரை மேல் அவர் வைத்த பிரியமும் பொய்யில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். குதிரை செத்தால் எஜமானருக்கு நஷ்டம். குதிரைக்காரன் செத்தால் மறுநாள் இன்னொருவன் வருவான், அதே சம்பளத்துக்கு. நமக்கு நஷ்டம் வரும் இடத்தில் காட்டுகிற அக்கறையில், கருணை எத்தனை பங்கு, கணக்கு எத்தனை பங்கு என்று நம்மாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த லாயத்தை இடிக்க வேண்டியதில்லை. அது ஒரு நல்ல சாட்சி. காற்றும் வெளிச்சமும் ஒரு பெயரும் ஒரு ஜீவனுக்கு முக்கியம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. கையில் பணமும் இருந்தது. ஆகவே 'தெரியாது', 'வசதியில்லை' என்ற இரண்டு சாக்குகளும் அங்கே செல்லாது. நமக்கும்தான். கம்ப்யூட்டர் சர்வர் இருக்கும் அறைக்கு ராத்திரி பகலாக ஏசி போடுகிறோம். வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கு ஒரு ஃபேன் கேட்டால் பட்ஜெட் இல்லை என்கிறோம்.

இழந்தால் நமக்குக் காலணா நஷ்டமில்லை என்கிற ஆளுக்கு நாம் என்ன செய்கிறோமோ, அதுதான் தர்மம். மற்றதெல்லாம் மெயின்டனன்ஸ்.