நட்சத்திரம் கட்டாத வீடு

திருச்சபையின் நாள்காட்டி கிறிஸ்துமஸைத் தனியாக விட்டுவைப்பதில்லை. டிசம்பர் 25 அன்று குழந்தை பிறந்ததைக் கொண்டாடிய மறுநாளே, கல்லெறிந்து கொல்லப்பட்ட முடியப்பரின் விழா வந்துவிடுகிறது. கிறிஸ்துவுக்காக உயிர்விட்ட முதல் ஆள் அவர். ஒரு நாள் விட்டு 28ஆம் தேதி, ஏரோது மன்னனின் ஆட்கள் வெட்டிப்போட்ட பெத்லகேம் குழந்தைகளின் நினைவு. பிறப்பு விழாவுக்கு வெள்ளைத் திருவுடையில் நின்ற சாமியார் இந்த இரண்டு நாளும் சிவப்பு உடுத்திப் பீடத்துக்கு வருவார். குடிலில் கட்டிய சீரியல் விளக்குகள் எரிந்துகொண்டேயிருக்கும். அதன் பக்கத்திலேயே சாவைப் பற்றிய வாசகம் நடக்கும். சிறு வயதில் எனக்கு இது பிடிக்காது. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு இதெல்லாம் என்று தோன்றும். இன்று அப்படித் தோன்றுவதில்லை. அந்த நாள்காட்டியை வகுத்தவர்கள் மனித மனத்தை நன்றாக அறிந்தவர்கள் என்றே நினைக்கிறேன். அப்படி நினைக்க வைத்தது செங்கல்பட்டும், இங்கிருந்து கிழக்கே பஸ் ஏறினால் வந்துவிடும் மாமல்லபுரத்துக் கடற்கரையும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. கிறிஸ்துமஸை அடுத்த ஞாயிறு திருக்குடும்ப விழா என்பதால், முடியப்பர் அந்த ஆண்டு இடம்விட்டுக் கொடுத்தார். அன்று கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கக் குறித்திருந்த நற்செய்தி, மத்தேயு எழுதியதில் இரண்டாம் அதிகாரம். சூசையப்பரின் கனவில் தூதர் வந்து, குழந்தையின் உயிருக்கு ஆபத்து, எழுந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடிப்போ என்று எச்சரிக்கும் பகுதி. சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.28 மணிக்கு. அதில் எழுந்த சுனாமி அலை நம் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த இரண்டரை மணி நேரத்துக்குள் எத்தனையோ ஆலயங்களில் இந்த நற்செய்தி வாசித்து முடிந்திருக்கும்.

எழுந்து ஓடு என்று சொல்ல நம் கரைக்கு யாரும் வரவில்லை. இந்தியப் பெருங்கடலில் அன்று சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஹைதராபாத்தில் அதற்கான மையம் 2007இல்தான் வந்தது. கோவளம், தேவநேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் அணுமின் நகரியம் என்று இந்தக் கரை நெடுக வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியபோது, அதுவரை நீருக்கடியில் கிடந்த பாறைகள் வெளியே தெரிந்தன. உலகம் பிற்பாடு அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் போனார்கள். அதில் 6,000க்கும் மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். பெண்களும் குழந்தைகளுமே அதிகம்.

பூமியில் சமாதானம் உண்டாகட்டும் என்று நாம் பாடி முடித்து ஓர் இரவும் ஒரு பகலும்தான் ஆகியிருந்தது. கடவுள் ஏன் விட்டார் என்ற கேள்விக்கு அதன்பிறகு எத்தனையோ பதில்களைக் கேட்டுவிட்டேன். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாயின் முன்னால் உட்கார்ந்து சொல்லத் தகுந்ததாக அதில் ஒன்றுகூட இல்லை. ஆகவே அந்தக் கேள்விக்கு இங்கே பதில் சொல்ல வரவில்லை. என் கேள்வி அதைவிடச் சிறியது. இப்படிப்பட்ட ஒரு கரையில் உட்கார்ந்துகொண்டு, கிறிஸ்துமஸ் நாளில் மன அமைதி வேண்டும் என்று நாம் கேட்கிறோமே, நாம் கேட்பது எதை?

டிசம்பர் கடைசி வாரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்து கார்கள் ஒன்றின் பின் ஒன்றாக ஊர்ந்து வரும். வருகிறவர்கள் பாவம், வருஷம் முழுக்க ஓடி அலுத்தவர்கள். இரண்டு நாள் போனை அணைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்று வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடல் அமைதியாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் எப்போதும் கரையைப் பார்க்க வந்தவர்கள்தான். கடலில் இறங்கிப் பிழைக்கிற மீனவர் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கோயிலுக்குள் மண்டியிட்டு நாம் செய்யும் செபமும் பல நேரம் இதே வகைதான். ஆண்டவரே, இந்தக் கவலையை என்னிடமிருந்து எடுத்துவிடும். எனக்கு வலிக்காமல் செய்துவிடும். நானும் பல வருஷம் இதையே கேட்டேன்.

வலிக்காமல் இருப்பது நலம் ஆகாது என்பதை மருத்துவ உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த ஊர்களில் ஒன்று எங்கள் செங்கல்பட்டு. ஊரை ஒட்டிய திருமணியில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷன் 1920களில் தொழுநோயாளிகளுக்கு ஒரு குடியிருப்பை ஏற்படுத்தியது. லேடி வில்லிங்டன் பெயரால் அழைக்கப்பட்ட அந்த இடத்தில் 1930களிலிருந்து டாக்டர் ராபர்ட் காக்ரன் பணியாற்றினார். தொழுநோய் மருத்துவத்தில் உலகம் அறிந்த பெயர் அது. 1955இல் மத்திய அரசு அந்த நிலையத்தை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சி நிறுவனமாக்கியது.

1947இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளம் அறுவை மருத்துவரை காக்ரன் இங்கே அழைத்து வந்தார். அவர் பெயர் பால் பிராண்ட். மிஷனரிப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். தமிழ் பேசி வளர்ந்தவர். குடியிருப்பில் நடந்தபோது, விரல்கள் மடங்கி நகம்போல் வளைந்துபோன கைகளைக் கண்டார். எலும்பு முறிவையும் மூட்டையும் அறிந்த மருத்துவர்கள் உலகில் இத்தனை பேர் இருக்க, இந்தக் கைகளுக்கு ஏன் ஒருவரும் எதுவும் செய்யவில்லை என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையை வைத்து, அழுத்துங்கள் என்றார். செத்துப்போன கை என்று நினைத்திருந்தார். அந்தப் பிடி அவருக்கே வலிக்கும் அளவுக்கு இறுகியது. அந்தக் கைக்குள் நல்ல தசைகள் உயிரோடு இருக்கின்றன என்பது அந்த நொடியில் அவருக்கு விளங்கியது. அந்தத் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை விரிய வைக்கும் அறுவை சிகிச்சை பின்னர் வேலூரில் பிறந்தது. அதன் தொடக்கம் திருமணியில், அதுவரை மருத்துவர்கூட எளிதில் பிடிக்காத ஒரு கையைப் பிடித்ததில்.

பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் கண்டறிந்த இன்னொன்று இதைவிடப் பெரியது. விரல்கள் தாமாக அழுகி விழுவதாகத்தான் ஊர் நம்பிக்கொண்டிருந்தது. உண்மையில் நரம்பு மரத்துப்போவதால், சூடும் கீறலும் தெரியாமல் அந்த மனிதர்கள் தங்கள் கைகால்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டிருந்தார்கள். காயத்தின் மேலேயே நடந்தார்கள். புண் ஆற இடமே கொடுக்கவில்லை. சிகிச்சை முடிந்த சிலருக்குக் காலையில் விரல் குறைந்திருந்த காரணத்தைத் தேடியபோது, இரவில் எலி கடிக்கிறது என்று தெரிந்தது. கடிபட்டவர்கள் விழிக்கவே இல்லை. நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். அதன்பின் வேலூரில் அவர்களுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள்.

அந்தத் தூக்கத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். நாம் கேட்கும் மன அமைதி பெரும்பாலும் அந்தத் தூக்கம்தான். அடுத்த வீட்டில் நடப்பது தெரியாமல், நம் வீட்டுக்குள்ளேயே ஒருவர் கரைந்துகொண்டிருப்பது உறைக்காமல் கிடைக்கும் ஒரு மரத்துப்போன நிலை. அதைச் சமாதானம் என்று பெயரிட்டுக் கடவுளிடம் கேட்கிறோம். அவர் கொடுக்காமல் இருப்பதற்காக இன்று அவருக்கு நன்றி சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் சொல்லும் சேதி இதற்கு நேர் எதிர்ப்பக்கம். கடவுள், அடித்தால் வலிக்கும், குத்தினால் இரத்தம் வரும் ஓர் உடம்பை எடுத்துக்கொண்டார். குளிரும் பசியும் தெரிகிற குழந்தையாக, தங்க இடம் கிடைக்காத பெற்றோருக்குப் பிறந்தார். என் விசுவாசத்தின் நடுப்புள்ளி இதுதான். வலிக்காத இடத்தில் உட்கார்ந்துகொண்டு நம்மைத் தேற்றுகிற கடவுள் என்றால், 2004க்குப் பிறகு என்னால் அவரை நம்பியிருக்க முடியாது.

லூக்கா நற்செய்தியில் சிமியோன் என்ற பெரியவர் வருகிறார். குழந்தையைக் காணிக்கையாக்க எருசலேம் கோயிலுக்குக் கொண்டுவந்தபோது அவர் அதைக் கையில் வாங்குகிறார். இனி நான் அமைதியோடு போகலாம் என்று கடவுளிடம் சொல்கிறார். இரவுச் செபத்தில் குருக்களும் துறவியரும் தினமும் சொல்லும் மன்றாட்டு அதுதான். ஆனால் அதே பெரியவர் அடுத்த பேச்சில் தாயைப் பார்த்து, உன் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று சொல்லிவிடுகிறார். ஒரே வாயில், ஒரே நேரத்தில். கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, வரப்போகும் துயரத்தையும் மறைக்காமல் பார்க்கிறவருக்குத்தான் அந்த அமைதி கிடைத்திருக்கிறது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள். புதுத்துணி இல்லை, பலகாரம் இல்லை. கேரல்ஸ் பாடி வருகிற குழுவும் இருட்டாக இருக்கும் அந்த வாசலைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தி, கிடாரைத் தாழ்த்திக்கொண்டு, ஓசைப்படாமல் தாண்டிப்போகும். மரியாதைக்காகச் செய்வதுதான். எதிர்வீட்டு மாக்கோலமும் மார்கழிப் பஜனையும் நடந்துகொண்டிருக்க, அந்த ஒரு வீடு மட்டும் டிசம்பர் முழுக்க யாரும் வராத வீடாகிவிடும்.

அம்மா இறந்த வருஷம் எங்கள் வீடு அப்படி இருந்தது. அப்பா பேச்சைக் குறைத்துவிட்டார். அழவும் இல்லை. வந்தவர்களெல்லாம், பெரியவர் தைரியமா இருக்கார், நல்லா தாங்கிக்கிட்டார் என்றார்கள். கேரல்ஸ் குழு எங்கள் தெருவுக்கு வந்தபோது இரவு பதினொன்று இருக்கும். அடுத்த வீட்டில் பாடி முடித்து எங்களைத் தாண்டினார்கள். அப்புறம் அந்தக் குழுவில் வயதில் மூத்தவர் மட்டும் திரும்பி வந்து கேட்டைத் தட்டினார்.

"உள்ள வரலாமாம்மா? பாட்டெல்லாம் வேணாம். ஒரு செபம் மட்டும் சொல்லிட்டுப் போறேன்."

"வாங்கய்யா" என்றேன்.

அவர் செபம் சொல்லவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா இருந்திருந்தா இந்நேரம் எங்க எல்லாருக்கும் தட்டுல அதிரசம் வந்திருக்கும் அண்ணே" என்றார்.

அப்பா அழுதார். அம்மா போனபின் அதுதான் முதல் முறை. அழுது முடித்து, அம்மா மாவு பதம் பார்க்கும் விதத்தைப் பற்றி, கல்யாணமான புதிதில் பாகு முற்றிப்போய்ப் பலகாரம் கல்லாகிவிட்டதைப் பற்றி, நாங்கள் கேட்டறியாத கதைகளையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். வெளியே நின்ற இளைஞர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். அன்று எங்கள் வீட்டில் எந்தப் பாட்டும் பாடவில்லை. கிளம்பும்போது அந்தப் பெரியவர் ஒரு பரலோகமந்திரம் சொன்னார், எல்லோரும் சேர்ந்துகொண்டோம். அன்றிரவு அப்பா தூங்கினார். காலையில் எழுந்து, பூசைக்கு நேரமாச்சு, கிளம்பு என்றார். அதன்பின் எங்கள் துக்கம் குறைந்துவிடவில்லை. அதோடு சேர்ந்து உட்கார முடிந்தது. அதைப் பார்த்து ஓட வேண்டியிருக்கவில்லை. கிறிஸ்து தரும் சமாதானம் என்று பிரசங்கங்களில் கேட்டது இதுதான் என்று நான் கண்டுகொண்டேன்.

தியானமும் தனிமையும் பயனற்றவை என்று சொல்ல வரவில்லை. திருவருகைக்கால நான்கு வாரமும் விடியலில் கோயிலில் உட்கார்ந்திருப்பது எனக்கு இன்றும் சோறு மாதிரி. ஆனால் அந்த நேரம் என்னை யாருடைய வீட்டுக்கும் அனுப்பாமல் விட்டால், அது செபமா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

இந்த டிசம்பரில் உங்கள் தெருவில் நட்சத்திரம் கட்டாத வீடு ஒன்று இருக்கும். கேரல்ஸ் குழுவில் இருப்பவர்கள் தயவுசெய்து அதைத் தாண்டிப்போகாதீர்கள். கிடாரை வெளியே வைத்துவிட்டு உள்ளே போங்கள். எல்லாம் கடவுள் சித்தம், மனசைத் தேத்திக்குங்க என்று சொல்லாதீர்கள். போனவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவசரமில்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.