புற்றுமண்ணும் பலகைத் தரையும்

வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் வீட்டுக்குள் லேமினேட் பலகைத் தரை போட நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது கரையானை. அதைக் கொல்லலாமா என்ற கேள்வி இங்கே கொத்தனாரோடு முடிந்துவிடுவதில்லை. பக்கத்துச் சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் கோவிலின் பிரசாதமே புற்றுமண். நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள், நோய் தீர நீரில் கரைத்துக் குடிப்பவர்களும் உண்டு. அந்தப் புற்றைக் கட்டும் உயிர் கரையான்தான். சங்கரன்கோவில் நிலம், தாருகாபுரம் நீர், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம் என்று ஐம்பூதத் தலங்களும் சுற்றிலும் அமைந்த பகுதி இது. காலடி மண்ணைத் தெய்வமாகக் கொண்ட ஊரார் அதன்மேல் பலகை பரப்பும்போது என்ன நெறியைப் பின்பற்றுவது?

இல்லறத்தில் உயிர்க்கொலையை முழுதாகத் தவிர்க்க முடியாது என்பதைப் பழைய நூல்கள் ஒளிக்கவில்லை. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்தாலும் இல்லறத்தான் உயிர்களைக் கொல்கிறான் என்று மனுஸ்மிருதி சொல்லி, அதற்குக் கழுவாயாக நாள்தோறும் ஐந்து வேள்விகளை விதிக்கிறது. சமணம் இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறது. வேண்டுமென்றே கொல்வதை இல்லறத்தாருக்கும் அது விலக்குகிறது. சமைப்பது, பெருக்குவது, வீடு கட்டுவது போன்ற வேலைகளில் தவிர்க்க முடியாமல் நேரும் கொலையைப் பொறுத்து, அதையும் இயன்றவரை குறைக்கச் சொல்கிறது. சைவ சித்தாந்தத்தின் பார்வை வேறு. உடல், கருவி, உலகம், நுகர்ச்சி ஆகிய நான்கும் உயிர் உய்வதற்காக இறைவன் மாயையிலிருந்து ஆக்கித் தந்தவை. உலகம் வெறும் தோற்றமன்று, உள்பொருள். ஆகவே நல்ல தரைக்கு ஆசைப்படுவது குற்றமாகாது. ஆனால் அந்தத் தரைக்காக மண்ணுக்கும் உயிருக்கும் செய்யும் கேட்டை வெறும் தோற்றம் என்று தள்ளிவிடவும் வழியில்லை.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் அளவுகோல் ஒன்றே. தவிர்க்க முடியாத கேட்டுக்கு மன்னிப்பு உண்டு. கவனக்குறைவால் வரும் கேட்டுக்கு இல்லை. மனை முகூர்த்தத்தில் பூமித்தாயிடம் பொறுத்தருள வேண்டிவிட்டு, ஈரத் தளத்தின்மேல் பலகையைப் பரப்பிக் கரையானை வரவழைத்து, பிறகு நஞ்சு ஊற்றுவது அந்த வேண்டுதலையே பொய்யாக்கும்.

லேமினேட் தரைப்பலகை 1977-இல் சுவீடனின் பெர்ஸ்டோர்ப் நிறுவனத்தில் உருவானது. மரநாரை அழுத்திச் செய்த அட்டை, அதன்மேல் மரத்தின் படம் அச்சிட்ட காகிதம், மேலே மெலமைன் காப்பு. உள்ளே இருப்பது மரநார் என்பதால் ஈரம் பட்டால் உப்பும், கரையானுக்கும் இரையாகும். மண்ணுக்குள் வாழும் கரையானுக்கு ஈரம் இன்றியமையாதது. தளத்தை உலர்வாக வைப்பதே அதைக் கொல்லாமல் விலக்கும் முதல் வழி. பாலித்தீன் தாள் ஒன்றைத் தரையில் விரித்து ஓரங்களை ஒட்டி, ஒரு நாள் கழித்து எடுத்தால், அடியில் நீர் முத்துகள் இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். இருந்தால் வேலையைத் தொடங்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையை எடுக்காமலிருப்பதே நல்லது. விரிசல்களையும் குழாய் நுழையும் துளைகளையும் முதலில் அடைக்க வேண்டும். பிறகு 0.2 மில்லிமீட்டர் பாலித்தீன் விரிப்பை 20 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி போட்டு ஒட்ட வேண்டும். பலகைகள் 48 மணி நேரம் அறையிலேயே கிடந்து அந்தக் காற்றுக்குப் பழக வேண்டும். சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால்தான் வெயிலிலும் மழையிலும் பலகை விரிந்து சுருங்க இடமிருக்கும்.

சுவரில் கரையானின் மண்தடம் ஏற்கெனவே தெரிந்தால் மருந்து அடிப்பது தவிர்க்க முடியாததாகலாம். கட்டிய வீடுகளுக்கான முறையை இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 6313-இன் மூன்றாம் பகுதி வகுத்திருக்கிறது. அதற்கான பயிற்சி பெற்றவரைக் கொண்டு, கிணற்றுக்கு விலகி, குழந்தைகளை வெளியேற்றி அளவோடு செய்வதுதான் சமணம் பொறுக்கும் வகையில் சேரும். முன்னெச்சரிக்கையாக இருக்கட்டுமே என்று வீடு முழுக்க ஊற்றுவது சேராது.

கரையானுக்கு இரங்குபவர் பலகை அறுப்பவரை மறந்துவிடுவது பெரிய முரண். மரத்தூசியை 1995-இலும், பலகைப் பசையிலிருந்து வெளிவரும் பார்மால்டிஹைடை 2004-இலும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் வகையில் சேர்த்தது. அறுக்கும் வேலை வீட்டுக்கு வெளியே நடக்க வேண்டும். தூசியை வடிகட்டும் முகக்கவசம், கண்ணாடி, முழங்கால் மெத்தை எல்லாம் வீட்டுக்காரர் வாங்கித் தர வேண்டியவை. கூலி கொடுத்தாயிற்று என்பதால் இந்தக் கடன் தீராது. பார்மால்டிஹைடு குறைவாக வெளிவிடும் ‘ஈ1’ தரப் பலகையைக் கேட்டு வாங்குவது அங்கே குடியிருக்கப்போகும் பிள்ளைகளுக்குச் செய்யும் கடமை.

வழிபாட்டு அறைக்கு இந்தத் தரை பொருந்தவே பொருந்தாது. வெள்ளிதோறும் கழுவிவிடும் நீரும், மாக்கோல ஈரமும், விளக்கெண்ணெயும் பலகை இணைப்புகளுக்குள் இறங்கும். கற்பூரம் விழுந்தால் வடு மாறாது. தரைக்காக வழிபாட்டை மாற்றுவதைவிட, அங்கே சிவப்பு சிமெண்ட்டோ ஓடுகளோ போடுவதே முறை. மண்ணோடு ஒட்டிய, ஈரம் ஏறும் பழைய வீடுகளின் கீழ்த்தளத்துக்கும் அவையே ஏற்றவை. அத்தகைய வீடுகளில் லேமினேட் பலகை மாடி அறைகளோடு நின்றுகொள்ளலாம்.