சாக்கும் போக்கும்

மழை பொய்த்தால் விதி என்கிறார்கள். மகசூல் குறைந்தால் தலையெழுத்து என்கிறார்கள். கடம்பூர்க் கரிசலில் நாம் அன்றாடம் கேட்கும் பேச்சு இது. கேட்டு நகைக்கிறோம். தலையில் எழுதியவன் எவன், எழுதிய கோல் எங்கே என்று மேடையேறி வினவுகிறோம், கையொலியும் பெறுகிறோம். ஆனால், தோழர்களே, விதியை விரட்டிய வீட்டில் அதன் உடன்பிறப்பைக் குடியேற்றிவிட்டோமோ என்ற ஐயம் அண்மைக்காலமாக நம்மை வாட்டுகிறது.

நம் வகுப்பு மாணவன் ஒருவன் பத்து நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. காரணம் கேட்டார் தலைமையாசிரியர். "வறுமை; வேலைக்கு அனுப்பியிருப்பார்கள். சமுதாய அமைப்பு அப்படி!" என்றோம். பகுத்தறிவு மணக்கும் விடை! அவன் வீட்டுப் படியை மட்டும் நாம் மிதிக்கவில்லை. பதினோராம் நாள் அவன் தாயே வந்தார். "கணக்குத் தெரியலேன்னு எல்லார் முன்னாலயும் சிரிச்சீகளாமே சார், அதான் வரமாட்டேங்கான்" என்றார். நாம் தலைகுனிந்தோம்.

அந்த வீட்டில் வறுமை இல்லையா? உண்டு. ஆனால் அவனைத் துரத்தியது வறுமை அன்று, நமது ஏளனம். உண்மையான வறுமையை நமது குற்றத்துக்குத் திரையாக்கினோம். பொய்ச் சாக்கை எவரும் கிழித்தெறியலாம். மெய்யான சாக்கை மறுப்பவர் யார்? ஆகவேதான் அது கொடியது.

1956 நவம்பர் 23. சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிப் புறப்பட்ட விரைவு வண்டி, நம் கடம்பூரையும் கடந்து செல்ல வேண்டிய வண்டி, விடியுமுன் அரியலூரை அடுத்த மருதையாற்றில் வீழ்ந்தது. வெள்ளம் பாலத்தைச் சிதைத்திருந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மழையின் மீது பழியைப் போட்டிருக்கலாம் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அந்தச் சாக்கும் மெய்யானதே! அவரோ பதவி விலகினார். அவ்வாண்டே மகபூப்நகர் விபத்தின்போதும் விலக முன்வந்தவர் அவர். விபத்துக்குச் சாஸ்திரி காரணர் அல்லர், நல்லதொரு மரபு நிலைக்கவே விலகலை ஏற்கிறோம் என்ற கருத்தை நாடாளுமன்றத்தில் விளக்கினார் பிரதமர் நேரு.

விலகலால் மாண்டவர் மீண்டனரா? இல்லை. பாலம் தானே எழுந்ததா? அதுவும் இல்லை. ஆயினும் காரணம் வேறு, பொறுப்பு வேறு என்பதை அச்செயல் நாட்டுக்கு உணர்த்திற்று. ஏன் நேர்ந்தது என்று கேட்பது காரணம். இதில் என் பங்கு யாது, இனி நான் செய்ய வேண்டியது யாது என்று கேட்பது பொறுப்பு. முதற்கேள்விக்கு விடை கண்டதும் இரண்டாவதை மறந்துவிடுகிறோம். பிழை அங்கேதான் பிறக்கிறது.

அப்படியானால் சாதியும் சுரண்டலும் வெறும் சாக்கா? அல்ல, அல்லவே அல்ல! ஒடுக்கப்பட்டவனைப் பார்த்து, "உன் தாழ்வுக்கு நீயே பொறுப்பு" என்பவன், பழைய விதியைப் புதிய மொழியில் ஓதுகிறான். சமுதாயக் கேட்டைச் சுட்டிக்காட்டத்தான் வேண்டும். ஆனால் சுட்டுகின்ற கை, அதை மாற்றும் பணியிலும் இறங்க வேண்டும். இல்லையேல் நேற்று 'விதி' என்றவனுக்கும் இன்று 'சமுதாயம்' என்கின்ற நமக்கும் வேறுபாடு என்ன?

நம் மானாவாரி உழவரையே பாருங்கள். விதி என்று வாய் சொன்னாலும், கோடை மழை பெய்ததும் அவர் ஏர் பூட்டத் தவறுவதில்லை. மழையை வரவழைக்க அவரால் இயலாது; வரும் மழைக்கு நிலத்தைப் பண்படுத்தி வைக்க இயலும். அவர் வாய் விதியை நம்புகிறது, கை நம்பவில்லை. நம் வாயோ விதியை மறுக்கிறது, கை கட்டிக்கிடக்கிறது!

அன்று மாலையே அம்மாணவன் வீட்டுக்குச் சென்றோம். "நான் சிரித்தது தவறு" என்று அவனிடமே சொன்னோம். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வந்தான், கடைசி வரிசையில் அமர்ந்தான். பின்னங்களை முதலிலிருந்து தொடங்கினோம். இன்னும் அவனுக்கு முழுதாகப் பிடிபடவில்லை. அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம், பொறுப்பு நம்முடையது.