தேரோட்டியின் இருக்கை



சாம்பியன் ரீப்ஸில் ஒரு சத்சங்கம் முடிந்தபின் மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். நாள்தோறும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் சென்று இளங்கலை உளவியல் பயில்பவள். அவள் கையில் கல்லூரிக்கென எழுதிய ஒரு கட்டுரை இருந்தது. அது அவளுடைய தாத்தாவைப் பற்றியது. பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சுரங்கத்தில் உழைத்தவர் அவர். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கவயல் மூடப்பட்டது முதல் பேச்சுக் குறைந்து, வாசலில் அமர்ந்து சயனைடு மணல்மேட்டைப் பார்த்தபடியே இருக்கிறாராம். கட்டுரைக்கு அவள் இட்ட தலைப்பு, 'கற்றுக்கொண்ட கையறுநிலை'.

"நான் கண்டறிந்தது சரிதானே, சுவாமிஜி?" என்றாள்.

அச்சொல் அமெரிக்க உளவியலாளர்களான செலிக்மன், மேயர் ஆகியோரின் 1967-ஆம் ஆண்டு ஆய்விலிருந்து புகழ் பெற்றது. தப்ப வழியில்லாத மின்னதிர்ச்சிக்கு உள்ளான நாய்களுள் பெரும்பாலானவை, பின்னர் வழி திறந்திருந்தும் தாண்டிச் செல்லாமல் படுத்துவிட்டன. (அந்த வாயில்லா ஜீவன்கள் பட்ட பாட்டை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.) ஆனால் அதே இருவரும் 2016-இல் தங்கள் கருத்தைத் தாங்களே திருத்தினார்கள். நீண்ட துன்பத்தில் செயலற்றுப்போவது கற்றுக்கொள்வதன்று, இயல்பாகவே எழுவது. உயிர் கற்க வேண்டியிருப்பது 'என்னால் இயலும்' என்பதைத்தான். அந்நாய்கள் எப்படி மீண்டன தெரியுமா? அழைத்துப் பார்த்தார்கள், பெரும்பாலும் பயனில்லை. கயிற்றைக் கட்டித் தடுப்பின் மறுபக்கத்திற்குப் பலமுறை இழுத்துச் சென்ற பிறகே அவை தாமாகத் தாண்டின.

தத்துவம் பயின்ற எனக்கும் பெயர் சூட்டும் ஆசை உண்டு. பெயரிட்டுவிட்டால் பொருளே கைக்கு வந்துவிட்டது போல் ஒரு மயக்கம்! அவளைக் கடிந்துகொள்ள எனக்கு என்ன தகுதி? ஆகவே வேறொரு சிற்றூரின் கதையைச் சொன்னேன்.

ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற ஊர். ஊருக்கே சோறிட்ட நெசவாலை மூடப்பட்டது. மரீ யஹோடா முதலிய ஆய்வாளர்கள் அங்கே சென்று கண்டவற்றை 1933-இல் நூலாக வெளியிட்டார்கள். நேரம் மிகுதியாகக் கிடைத்தும் நூலகத்தில் மக்கள் எடுத்த புத்தகங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஆண்களின் நடை தளர்ந்தது. தெருவைக் கடக்கும் முன் பலமுறை நின்றார்கள். தங்கவயல் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் என் மனத்தைத் தொட்டது வேறொன்று. அவ்வூரில் எவரும் வெறும் பார்வையாளராக இருத்தலாகாது என்று அந்த ஆய்வாளர்கள் தங்களுக்கே விதி வகுத்துக்கொண்டார்கள். துணிகள் திரட்டி வழங்கினார்கள். மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்தார்கள். தையல் வகுப்பு நடத்தினார்கள். அந்த வேலைகளுக்கிடையேதான் மக்கள் மனம் திறந்து பேசினார்கள்.

குருக்ஷேத்திரத்தை நினைத்துப் பாருங்கள். வில் நழுவ, தேர்த்தட்டில் சோர்ந்து அமர்கிறான் அர்ஜுனன். உலகின் மாபெரும் வீரனுக்கும் கையறுநிலை! அவனுக்கு உபதேசித்த பகவான் எங்கே அமர்ந்திருந்தார்? சிம்மாசனத்தில் அல்ல, தேரோட்டியின் இருக்கையில். குதிரைகளுக்கு நீர் காட்டும் வேலையை ஏற்றுக்கொண்டவருடைய சொல்தான் அந்தச் சோர்ந்த நெஞ்சில் இறங்கிற்று. கீதையைப் பலமுறை பாராயணம் செய்தும் இதை நான் கவனிக்க நெடுநாளாயிற்று.

"அம்மா, தாத்தாவுக்கு உன்னால் ஆகிற வேலை என்ன?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்து மீண்டும் சந்தித்தேன். காலையில் தாத்தாவும் அவளும் சேர்ந்து தண்ணீர் பிடிக்கப் போகிறார்களாம். சுரங்கத்தில் கூண்டு இறங்கும்போது காது அடைத்துக்கொள்வதைப் பற்றி ஒருநாள் அவராகவே சொன்னாராம்.

"கட்டுரை என்ன ஆயிற்று?" என்றேன்.

"தலைப்பை அடித்துவிட்டேன், சுவாமிஜி. எழுதியதைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு வேறு வைக்கலாம் என்றிருக்கிறேன்."